முதல் மாரத்தான் ஓடப் போறீங்களா? முதல் 10 கி.மீ-ல் அடக்கி வாசிப்பது ஏன் முக்கியம்?

ஆறு மாதப் பயிற்சி. விடியற்காலை நான்கு மணிக்கு அலாரம். சனிக்கிழமை இரவு சினிமா இல்லை, ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போனாலும் பந்தி முடியும் நேரத்துக்குத்தான். இவ்வளவும் செய்துவிட்டு, மாரத்தான் நாளன்று 32-வது கி.மீ-ல் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களை எந்த ஊர் ஓட்டத்திலும் பார்க்கலாம்.

பயிற்சி போதவில்லையா? சிலருக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் பலருக்குத் தவறு நடந்த இடம் 32-வது கி.மீ அல்ல. முதல் ஒரு மணி நேரத்தில், உடம்பு புதுசா இருக்கும்போது, "இன்னைக்குக் கால் நல்லா போகுது" என்று வேகத்தைக் கூட்டிய இடத்தில்தான் அது நடந்திருக்கும்.

முதல் மாரத்தானை எந்த வேகத்தில் தொடங்க வேண்டும்? அந்த வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? 30 கி.மீ-க்குப் பிறகு உடம்புக்குள் என்ன நடக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

மாரத்தான் என்றால் எவ்வளவு தூரம்?

42.195 கி.மீ. இதில் ஒரு மீட்டர் குறைந்தாலும் அது மாரத்தான் இல்லை. 5 கி.மீ, 10 கி.மீ ஓட்டங்களையும் "மாரத்தான்" என்று பேனர் அடிக்கும் பழக்கம் நம்மூரில் இருக்கிறது. அவை மாரத்தான் கணக்கில் வராது. 21.1 கி.மீ ஓட்டம் அரை மாரத்தான்.

1896-ல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் இந்த ஓட்டம் ஏறத்தாழ 40 கி.மீ தூரம்தான். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையில் தொடங்கி விளையாட்டரங்கில் முடியும்படி பாதை அமைத்தார்கள். அந்தத் தூரம்தான் 42.195 கி.மீ. பிறகு 1921-ல் அதுவே உலகத்துக்கெல்லாம் பொதுவான அளவாக ஆனது.

வேகத்தைப் பங்கிடத் தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணமும் அந்த 1908 ஓட்டம்தான். அன்று லண்டனில் வெயில். தொடக்கத்தில் வேகமாகப் பாய்ந்த பிரிட்டன் வீரர்கள் பாதியிலேயே தளர்ந்தார்கள். இத்தாலியின் டொராண்டோ பியெட்ரி, முன்னால் போன தென்னாப்பிரிக்க வீரர் களைப்படைவதை அறிந்து கடைசிக் கட்டத்தில் வேகத்தைக் கூட்டி முந்தினார். முதல் ஆளாக அரங்குக்குள் வந்தவர், திசை தெரியாமல் திரும்பினார். பலமுறை கீழே விழுந்தார். கடைசி சில நூறு மீட்டரைக் கடக்கவே அவருக்குப் பத்து நிமிடம் பிடித்தது. அதிகாரிகள் கைத்தாங்கலாக உதவியதால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். அதுவரை பின்னால் நிதானமாக வந்துகொண்டிருந்த அமெரிக்காவின் ஜானி ஹேய்ஸுக்குத் தங்கம் கிடைத்தது.

30 கி.மீ-க்கு மேல் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ஓடும்போது உடம்பு இரண்டு எரிபொருளைப் பயன்படுத்துகிறது. ஒன்று, சோறு, இட்லி, வாழைப்பழம் போன்ற மாவுச்சத்து உணவிலிருந்து வரும் கிளைகோஜன். இது தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கப்படுகிறது. இன்னொன்று கொழுப்பு.

கிளைகோஜன் கையில் இருக்கும் ரொக்கம் மாதிரி. உடனே எடுத்துச் செலவழிக்கலாம், ஆனால் கையிருப்பு குறைவு. பெரியவர் ஒருவரின் உடம்பில் இது ஏறத்தாழ 2,000 கலோரி அளவுக்குத்தான் இருக்கும். கொழுப்பு நிலத்தில் போட்ட பணம் மாதிரி. ஏராளமாக இருக்கும், அவசரத்துக்கு வேகமாக எடுக்க முடியாது.

இப்போது செலவைப் பார்ப்போம். ஒரு கி.மீ ஓட, ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ எடை உள்ளவர் மாரத்தானை முடிக்கச் சுமார் 2,950 கலோரி வேண்டும். கிளைகோஜனை மட்டும் நம்பினால் கிட்டத்தட்ட 1,000 கலோரி துண்டு விழுகிறது. அதைக் கொழுப்பும், வழியில் சாப்பிடுவதும்தான் ஈடுகட்ட வேண்டும்.

முக்கியமான விஷயம் இதுதான்: வேகம் கூடக் கூட, உடம்பு கொழுப்பை விட்டுவிட்டு கிளைகோஜனை அதிகமாக எடுக்கும். மெதுவாக ஓடினால் இரண்டையும் கலந்து எடுக்கும். அதனால் முதல் 10 கி.மீ-ல் காட்டும் கூடுதல் வேகம் அங்கேயே முடிந்துபோகிற செலவு இல்லை. 32-வது கி.மீ-க்காக வைத்திருந்த சேமிப்பில் கை வைப்பது.

சேமிப்பு தீரும் நேரத்தில் கால் கல் மாதிரி கனக்கும், தலை கிறுகிறுக்கும், மனசு "போதும்" என்று சொல்லும். ஓட்டக்காரர்கள் இதைச் "சுவரில் மோதுவது" என்கிறார்கள். பொதுவாக 30 முதல் 35 கி.மீ-க்குள் இது வரும். அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாலும் போன சேமிப்பு உடனே திரும்பாது.

ஒரே இலக்கு, இரண்டு பேர்: ஒரு கணக்கு

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரே அளவு பயிற்சி. இருவருக்கும் 5 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதே இலக்கு.

முதல் ஆள் உற்சாகத்தில் ஒரு கி.மீ-க்கு 6 நிமிடம் 20 விநாடி வேகத்தில் தொடங்குகிறார். "முதல்லயே கொஞ்சம் நேரத்தைச் சேர்த்து வச்சுக்கலாம், பின்னாடி களைச்சா உதவும்" என்பது அவர் யோசனை. பாதித் தூரத்தை 2 மணி 13 நிமிடத்தில் கடக்கிறார். அங்கிருந்து 30 கி.மீ வரை 7 நிமிட வேகம். அதற்குப் பிறகு சுவர். கொஞ்சம் ஓட்டம், நிறைய நடை என்று கி.மீ-க்கு ஒன்பதரை நிமிடம்.

இரண்டாவது ஆள் முதல் 5 கி.மீ-ஐ 7 நிமிடம் 20 விநாடி வேகத்தில் ஓடுகிறார். சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் அவரை முந்திப் போகிறார்கள். பிறகு 7 நிமிடம் 5 விநாடி. 32 கி.மீ-க்குப் பிறகு 7 நிமிடம்.

30-வது கி.மீ-ல் முதல் ஆள் கிட்டத்தட்ட 18 நிமிடம் முன்னால் இருக்கிறார். முடிவில்?

முதல் ஆள்: 5 மணி 11 நிமிடம் 47 விநாடி.
இரண்டாவது ஆள்: 4 மணி 59 நிமிடம் 17 விநாடி.

முப்பது கி.மீ ஓடிச் சேர்த்த 18 நிமிடமும் கடைசி 12 கி.மீ-ல் போய், அதற்கு மேல் இன்னொரு 12 நிமிடமும் போய்விட்டது. மாரத்தானில் நேரத்தை முன்கூட்டியே சேர்த்து வைக்க முடியாது என்று பழைய ஓட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

சாதனையாளர்கள் எப்படி ஓடினார்கள்?

"அதெல்லாம் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு, பெரிய வீரர்கள் முதல்ல இருந்தே பறப்பாங்க" என்று நினைக்கலாம். எண்களைப் பார்த்தால் அப்படி இல்லை.

2022 செப்டம்பரில் பெர்லினில் கென்யாவின் எலியூட் கிப்சோகே 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அன்று அவர் முதல் பாதியை 59 நிமிடம் 51 விநாடியில் ஓடினார். இரண்டாம் பாதிக்கு 61 நிமிடம் 18 விநாடி ஆனது.

அடுத்த ஆண்டு அக்டோபரில் சிகாகோவில், அதே கென்யாவின் கெல்வின் கிப்டம் முதல் பாதியை 60 நிமிடம் 48 விநாடியில் ஓடினார். அதாவது பாதித் தூரத்தில் கிப்சோகேயின் நேரத்தைவிட 57 விநாடி பின்தங்கியிருந்தார். ஆனால் இரண்டாம் பாதியை 59 நிமிடம் 47 விநாடியில் முடித்து, 2 மணி 0 நிமிடம் 35 விநாடி என்று புதிய உலக சாதனை படைத்தார். கிப்சோகேயின் சாதனையைவிட 34 விநாடி குறைவு.

முதல் பாதியைவிட இரண்டாம் பாதியை வேகமாக ஓடும் இந்த முறைக்கு "நெகட்டிவ் ஸ்பிளிட்" என்று பெயர். முதல் முறை ஓடுபவருக்கு இது கைகூடாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு பாதியும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அமைந்தாலே பெரிய வெற்றிதான்.

உங்கள் பேஸ் எது? கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு கி.மீ ஓட எத்தனை நிமிடம் ஆகிறது என்பதுதான் பேஸ். இலக்கு நேரத்துக்கு ஏற்ற பேஸ் இதோ:

- 4 மணி நேரம்: கி.மீ-க்கு 5 நிமிடம் 41 விநாடி
- நாலரை மணி நேரம்: 6 நிமிடம் 23 விநாடி
- 5 மணி நேரம்: 7 நிமிடம் 6 விநாடி
- ஐந்தரை மணி நேரம்: 7 நிமிடம் 49 விநாடி
- 6 மணி நேரம்: 8 நிமிடம் 31 விநாடி

இதில் எது தனக்கு ஏற்றது என்று ஆசைப்பட்டு முடிவு செய்யக் கூடாது. சமீபத்தில் ஓடிய அரை மாரத்தான் நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் ரீகல் உருவாக்கிய ஒரு சூத்திரம் ஓட்டக்காரர்கள் மத்தியில் பிரபலம். அதன்படி தூரம் இரண்டு மடங்கானால் நேரம் சுமார் 2.085 மடங்காகும். அரை மாரத்தானை 2 மணி 15 நிமிடத்தில் முடித்தவருக்கு மாரத்தான் 4 மணி 41 நிமிடம் என்று கணக்கு வரும்.

ஆனால் இது முழுப் பயிற்சி எடுத்தவருக்கான கணக்கு. முதல் முறை ஓடுபவர் இதோடு 10 முதல் 20 நிமிடம் சேர்த்துக்கொள்வது நல்லது. மேலே சொன்னவர் 5 மணி நேரத்தை இலக்காக வைத்தால் நிம்மதியாக ஓடலாம். "நாலரை மணி நேரத்துல முடிச்சிடறேன்" என்று ஆபீஸில் சொல்லிவிட்டு வருவதுதான் ஆபத்து.

இன்னொரு சிறிய விஷயம். சாலை வளைவுகளில் குறுக்கே வெட்டி ஓட முடியாது, கூட்டத்தில் ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டும். அதனால் கையிலிருக்கும் வாட்ச் முடிவில் 42.5 கி.மீ-க்கு மேல் காட்டலாம். 5 மணி நேர பேஸில் ஓடுபவருக்கு இந்தக் கூடுதல் தூரம் மட்டுமே இரண்டு மூன்று நிமிடம். நூலிழையில் இலக்கு வைத்திருப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பயிற்சியிலேயே மெதுவாக ஓடிப் பழகணும்

ஏற்கெனவே 10 கி.மீ சிரமமில்லாமல் ஓடக்கூடியவருக்கு 16 முதல் 20 வாரம் பயிற்சி தேவைப்படும். வாரத்தில் மூன்று நான்கு நாள் ஓட்டம், அதில் ஒரு நாள் நீண்ட ஓட்டம். இதைத்தான் "லாங் ரன்" என்கிறார்கள். 14, 16, 18 கி.மீ என்று படிப்படியாக ஏற்றி, 30 கி.மீ வாக்கில் கொண்டுபோய் நிறுத்தலாம். நடுவில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

பயிற்சியிலேயே 42 கி.மீ ஓடிப் பார்க்க வேண்டுமா? வேண்டாம். அதன் களைப்பு தீரவே வாரக்கணக்கில் ஆகும். காயம் ஏற்படும் வாய்ப்பும் அதிகம்.

லாங் ரன்னை மாரத்தான் பேஸைவிட மெதுவாக, கி.மீ-க்கு 30 விநாடி முதல் ஒரு நிமிடம் வரை குறைத்து ஓடலாம். வேகம் சரியா என்று பார்க்க வாட்ச்கூடத் தேவையில்லை. பக்கத்தில் ஓடுபவரிடம் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. "ஆமா", "இல்ல" என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தால் வேகம் அதிகம்.

கடைசி இரண்டு மூன்று வாரம் ஓடும் தூரத்தைக் குறைக்க வேண்டும். இதற்கு "டேப்பர்" என்று பெயர். இந்த நேரத்தில் "பயிற்சி விட்டுப்போச்சே" என்று பதறிக் கூடுதலாக ஓடுவதால் எந்தப் பலனும் இல்லை. களைத்த காலோடு போய் நிற்பதுதான் மிச்சம்.

சென்னை வெயிலும் ஈரப்பதமும்

சென்னை மாரத்தானும் மும்பை மாரத்தானும் ஜனவரியில்தான் நடக்கின்றன. கடலோர நகரங்களில் ஓடுவதற்கு அதுதான் இதமான மாதம். ஆனாலும் ஈரப்பதம் அதிகம் என்பதை மறக்கக் கூடாது.

வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கு அதிகமாகப் போக வேண்டியிருக்கும், இதயம் கூடுதலாக உழைக்கும். ஒரே வேகத்தில் ஓடினாலும் நேரம் போகப் போக இதயத் துடிப்பு ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சென்னையில் முழு மாரத்தான் விடியலுக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. அதிகாலை 4 மணிக்குக் கிளம்புபவர் 5 மணி நேரத்தில் முடித்தால் மணி 9. ஜனவரியில் சூரியன் ஆறரை மணி வாக்கில் உதிக்கிறது. அப்படியென்றால் பின்பாதி முழுக்க வெயில்தான். முதல் பாதி இருட்டில், கடற்காற்றில் ஓடிய சுகத்தை வைத்து வேகத்தை முடிவு செய்தால் ஏமாந்துபோவார்கள்.

அன்று புழுக்கமாக இருந்தால் கி.மீ-க்கு 10 முதல் 20 விநாடி வரை இலக்கைத் தளர்த்திக்கொள்வதில் தவறில்லை. பெங்களூரு, ஊட்டி போன்ற குளிர்ந்த ஊர்களில் பயிற்சி எடுத்துவிட்டு வருபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

பாதையையும் முன்பே பார்த்து வைக்க வேண்டும். மும்பை மாரத்தானில் கடைசிப் பகுதியில் வரும் பெடர் ரோடு ஏற்றம் ஓட்டக்காரர்கள் மத்தியில் பிரசித்தம். அங்கே சிறு ஏற்றம்கூட மலை மாதிரி தெரியும். மேம்பாலம், ஏற்றம் வரும்போது வாட்சில் தெரியும் பேஸைப் பார்க்காமல், மூச்சு ஒரே சீராக இருக்கும்படி வேகத்தைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஓட்ட நாளில்: கி.மீ வாரியாக என்ன செய்வது?

0 முதல் 5 கி.மீ வரை: இலக்கு பேஸைவிட 10 முதல் 15 விநாடி மெதுவாக. கூட்டம், பாட்டு, கைதட்டல் எல்லாம் சேர்ந்து காலைத் தள்ளும். "இவ்வளவு மெதுவாவா ஓடறோம்?" என்று தோன்றினால் சரியான வேகத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். தொடக்கத்தில் தாமதமானது பற்றிக் கவலை வேண்டாம். பிப் எண்ணில் இருக்கும் சிப், தொடக்கக் கோட்டைத் தாண்டும்போதுதான் நேரத்தை எண்ணத் தொடங்கும்.

5 முதல் 21 கி.மீ வரை: இலக்கு பேஸ். இதுதான் சுகமான பகுதி, ஏமாற்றும் பகுதியும் இதுதான். அரை மாரத்தான், 10 கி.மீ ஓடுபவர்கள் கலந்தால் அவர்கள் வேகத்தைப் பார்த்து ஓடக் கூடாது. அவர்களுக்குப் பந்தயம் சீக்கிரம் முடிந்துவிடும்.

21 முதல் 32 கி.மீ வரை: பாதி தாண்டியதும் "இன்னும் பாதிதான்" என்று வேகத்தைக் கூட்டும் ஆசை வரும். வேண்டாம். அதே பேஸ். கொடி பிடித்து ஓடும் பேசர் பின்னால் போவது இங்கே உதவும். ஒவ்வொரு பேசருக்கும் ஒரு முடிவு நேரம் உண்டு. அவரோடு ஓட முடிகிறது, பேசவும் முடிகிறது என்றால் அதுதான் சரியான குழு.

32 கி.மீ-க்குப் பிறகு: மாரத்தான் இங்கேதான் தொடங்குகிறது என்று சொல்வார்கள். மிச்சம் 10 கி.மீ. அடுத்த வாட்டர் பாயின்ட், அதற்கடுத்த சிக்னல் என்று சின்னச் சின்னதாகப் பிரித்து ஓடலாம். தெம்பு மிச்சம் இருந்தால் வேகத்தைக் கூட்ட வேண்டிய இடம் இதுதான். முதல் 5 கி.மீ-ல் முந்திப் போனவர்களை ஒவ்வொருவராகத் தாண்டும்போது கிடைக்கும் தெம்புக்கு ஈடே இல்லை.

5 மணி நேர இலக்குக்கு ஒரே சீராக ஓடினால் வாட்சில் ஏறத்தாழ இந்த நேரங்கள் வர வேண்டும்: 10 கி.மீ-ல் 1 மணி 11 நிமிடம், பாதியில் இரண்டரை மணி நேரம், 30 கி.மீ-ல் 3 மணி 33 நிமிடம், 40 கி.மீ-ல் 4 மணி 44 நிமிடம். இதைச் சின்னத் துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் ஒட்டிக்கொள்பவர்களும் உண்டு. களைப்பில் மனக்கணக்கு வராது.

நடுவில் நடந்தால் தப்பா?

தப்பே இல்லை. 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஓடிய ஜெஃப் கேலோவே, ஓட்டத்தையும் நடையையும் கலந்து மாரத்தான் முடிக்கும் முறையை உலகம் முழுக்கப் பிரபலமாக்கினார். 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்பது போன்ற கணக்கு.

இதில் ஒரே நிபந்தனை, களைத்த பிறகு நடக்கக் கூடாது; களைக்கும் முன்பே, முதல் கி.மீ-லிருந்தே திட்டப்படி நடக்க வேண்டும். 30-வது கி.மீ-ல் வேறு வழியில்லாமல் நடப்பவருக்கு மறுபடி ஓட்டம் பிடிப்பது கஷ்டம். திட்டமிட்டு நடந்தவர் கால் கடைசிவரை ஒத்துழைக்கும்.

என்ன சாப்பிடுவது? எவ்வளவு தண்ணீர்?

ஓட்டத்துக்கு முந்தைய இரண்டு நாளும் சோறு, இட்லி, இடியாப்பம், உருளைக்கிழங்கு போன்ற மாவுச்சத்து உணவு கூடுதலாக இருக்கட்டும். எண்ணெய்ப் பலகாரம், காரம், நார்ச்சத்து அதிகமுள்ளவை குறையட்டும். முந்தைய இரவு விருந்து வேண்டாம். ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு இரண்டு இட்லியோ, பிரெட்டோ, வாழைப்பழமோ போதும்.

ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுக்கலாம் என்பது விளையாட்டு ஊட்டச்சத்து வல்லுநர்களின் பரிந்துரை. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் வாக்கில் இருக்கும். ஜெல், பேரீச்சம்பழம், வாழைப்பழம் எதுவாக இருந்தாலும் பசி வரும்வரை காத்திருக்காமல் முதல் ஒரு மணி நேரத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். லாங் ரன்னில் சாப்பிட்டுப் பார்க்காத எதையும் அன்று வாயில் வைக்கக் கூடாது. புது ஷூவுக்கும் இதே விதிதான்.

தண்ணீர் குறைந்தால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். அளவுக்கு மீறிக் குடித்தாலும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. ரத்தத்தில் சோடியம் அளவு நீர்த்துப்போய், வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போதே உடல் எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களிடம் இது அதிகம் காணப்பட்டது. மெதுவாக ஓடுபவர்கள் அதிக நேரம் சாலையில் இருப்பதால் அவர்களுக்கே இந்த ஆபத்தும் அதிகம்.

அதனால் ஒவ்வொரு வாட்டர் பாயின்ட்டிலும் டம்ளர் டம்ளராகக் குடிக்கத் தேவையில்லை. தாகத்துக்கு ஏற்ப சில மடக்கு குடித்தால் போதும். வெறும் தண்ணீரோடு, உப்பும் சர்க்கரையும் கலந்த எலக்ட்ரோலைட் பானத்தையும் மாற்றி மாற்றி எடுக்கலாம்.

எப்போது நிறுத்திவிட வேண்டும்?

கால் வலி, களைப்பு எல்லாருக்கும் வரும். ஆனால் நெஞ்சு வலி, நெஞ்சில் இறுக்கம், மயக்கம் வருவது போன்ற உணர்வு, வெயிலில் வியர்வை நின்று குளிர் அடிப்பது, எங்கே ஓடுகிறோம் என்ற குழப்பம் இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அருகிலுள்ள தன்னார்வலரிடம் சொல்ல வேண்டும். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்ற பிடிவாதம் இங்கே உதவாது.

அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தான், அரை மாரத்தான் ஓடிய 1.09 கோடி பேரைக் கணக்கில் எடுத்த ஆய்வு ஒன்றில், 59 பேருக்கு ஓட்டத்தின்போது மாரடைப்பு போல இதயத் துடிப்பு நின்றுபோனது பதிவாகியிருக்கிறது. அதாவது 1,84,000 பேரில் ஒருவர். அபூர்வம்தான். ஆனால் 40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயது இதய நோய் இருந்தவர்கள் பயிற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

காய்ச்சலோடு ஓடவே கூடாது. ஓடும் முன் "முன்னெச்சரிக்கையா" வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கமும் வேண்டாம். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள், உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

முடித்த பிறகு?

கோட்டைத் தாண்டியதும் அப்படியே உட்காராமல் பத்து நிமிடம் மெதுவாக நடக்க வேண்டும். சட்டென்று நின்றால் ரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றலாம். கொஞ்சம் உப்புள்ள உணவு, பழம், பிறகு நல்ல சாப்பாடு. அடுத்த ஒரு வாரம் ஓட்டம் வேண்டாம், நடை போதும். இரண்டு நாளைக்கு மாடிப்படி இறங்குவது மட்டும் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

முதல் மாரத்தானுக்கு நேர இலக்கு ஒன்று வைக்கலாம். ஆனால் அதற்கும் முன்னால் வைக்க வேண்டிய இலக்கு, கடைசி 10 கி.மீ-ஐ ஓடி முடிப்பது. அதற்குத் தேவையான பொறுமையைக் காட்ட வேண்டிய இடம் முதல் 10 கி.மீ. அங்கே எல்லாரும் முந்திப் போகும்போது அமைதியாக ஓடுபவர்தான், 9 மணி வெயிலில் முடிவுக் கோட்டை நோக்கி ஓடி வருகிறார்.